கைப்பிடி அரிசியின் கனம்

(பாளையங்கோட்டைப் பகுதிச் சபை ஒன்றில், அன்னையர் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

சபையார் எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் வாலிபப் பிள்ளைகள் தாய்மாருக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். நல்ல காரியம். வாங்கிய கையோடு நாலைந்து அம்மாமார் அந்தப் பூவைத் தலையில் செருகிக்கொண்டு பந்தியில் பரிமாறப் போய்விட்டார்கள். அவர்களுக்கான நாளில் பரிமாறியதும் அவர்கள்தான். உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். பிரியாணி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றிய கட்டளை என்ன சொல்கிறது? நேசி என்று சொல்லவில்லை, வாழ்த்து என்றும் சொல்லவில்லை. "கனம்பண்ணுவாயாக" என்கிறது. கனம் என்றால் மரியாதை; கனம் என்றால் பாரமும்தான். எபிரெய மூலச்சொல்லின் வேரிலும் இதே பாரம் இருக்கிறது. வேதத்தைத் தமிழாக்கியவர்களுக்கு இரண்டு அர்த்தத்தையும் தாங்குகிற சொல்லாகவே அமைந்துவிட்டது. அந்தக் காலத்து அழைப்பிதழ்களில் பிஷப் பெயருக்கு முன்னால் 'மகா கனம்' என்று போடுவோம். வீட்டில் அம்மா ஒரு யோசனை சொன்னால் "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்போம். அந்தப் பேச்சுக்கு எடையே கிடையாது.

தாய்மார் ஞாயிறு என்றால் பிரசங்கம் நீதிமொழிகள் 31தான். "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று நேராகப் பத்தாம் வசனத்தில் ஆரம்பித்துவிடுகிறோம். முதல் ஒன்பது வசனங்கள் என்ன ஆயின? அங்கே பேசுவதே ஒரு அம்மாதான். லேமுவேல் என்கிற ராஜாவுக்கு அவனுடைய தாய் போதித்த உபதேசம் என்று அந்த அதிகாரமே சொல்லித்தான் தொடங்குகிறது. என்ன போதிக்கிறாள்? குடிக்காதே என்கிறாள். குடித்தால் நியாயத்தை மறந்துவிடுவாய், ஏழைக்குத் தீர்ப்பைப் புரட்டுவாய் என்கிறாள். வாயில்லாதவனுக்காக உன் வாயைத் திற என்கிறாள். ராஜாவுக்கு அரசியல் சொல்லிக்கொடுத்த தாயை விட்டுவிட்டு, விடியுமுன் எழுந்து வேலை செய்கிற மனைவியை மட்டும் பிடித்துக்கொண்டோம். நமக்கு எது வசதியோ அது. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தையாவது வாசித்தோமா? "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்று இருக்கிறது.

இயேசு இந்த விஷயத்தில் கோபப்பட்டதை மாற்கு 7-ல் பார்க்கலாம். 'கொர்பான்', அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதைக் கொண்டு தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதில்லை என்று ஒரு பாரம்பரியம் இருந்தது. இதனால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அசன விருந்துக்கு ஆயிரக்கணக்கில் எழுதிக்கொடுத்துவிட்டு, அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு அண்ணன் தம்பிக்குள் கணக்குப் பார்க்கிற வீடுகள் நம்மிடம் இல்லையா? சரி, இதற்கு மேல் சொன்னால் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டீர்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு மராட்டிய பிராமண விதவை, ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டார். முறையான திருமணம் இல்லை என்று மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல், அதே ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பெண்தான் குளோரிந்தா. இரண்டு வருஷத்தில், 1780-ல், 40 பேரோடு சபைப் பதிவேடு எழுதப்பட்டபோது முதல் பெயர் அவருடையது. அவர் எடுத்து வளர்த்த மகனும் அந்தச் சபையில் ஒருவன். 1785-ல் அவர் முயற்சியில் எழும்பிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறோம். திருநெல்வேலித் திருச்சபையின் தாய் யார் என்று கேட்டால் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரோடுதான் நம் பதிவேடு தொடங்குகிறது.

இப்போது என் அம்மாவைப் பற்றி. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த பிஸ்கட் டின்னில் போடுவாள். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், கைப்பிடி அரிசிக் காணிக்கை. அரிசி குறைவான நாளிலும் பிடி குறையாது. ராத்திரி அவள் தட்டில்தான் குறையும். ஞாயிற்றுக்கிழமை அதை மஞ்சள் பையில் கட்டி என் கையில் கொடுப்பாள். தூக்கிக்கொண்டு கோவிலுக்கு நடப்பேன். பாதி வழியில் கை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவு கனம். ஆராதனை முடிந்ததும் எல்லா வீட்டு அரிசியையும் கொட்டி ஏலம் விடுவார்கள். அப்படி வருஷக்கணக்காகச் சேர்ந்த பணமும் போய்த்தான் எங்கள் ஊர்க் கோவில் கோபுரம் எழும்பியது.

பிரதிஷ்டை அன்று சுவரில் ஒரு கல் பதித்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். "என்னல போட்டிருக்கு, வாசி" என்றாள். பிஷப், குருவானவர், சபைச் செயலர், பொருளாளர், கட்டடக் கமிட்டி என்று பதினோரு பெயர்களையும் உரக்க வாசித்தேன். ஒரு பெண் பெயரும் இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் அந்தக் கல்லில் ஒட்டியிருந்த சிமெண்டுப் பொடியைத் துடைத்தாள்.

"சரி, வா. வீட்டுக்குப் போய் உலை வைக்கணும்" என்றாள்.