இதயம் ஏறிய கேடயம்

அவையோருக்கு வணக்கம்.

திரையில் தெரியும் கேடயத்தை உற்றுப் பாருங்கள். மேலே நீலப் பட்டை, அதில் மூன்று வெள்ளி விண்மீன்கள். கீழே வெள்ளிப் பரப்பின் நடுவில் சிவந்த ஓர் இதயம். இது ஸ்காட்லாந்தின் டக்ளஸ் குலச்சின்னம்.

இவற்றில் விண்மீன்களே மூத்தவை. மரே குலத்தாரின் கேடயத்திலும் நீலத்தில் மூன்று வெள்ளி விண்மீன்கள் உண்டு. இரு குலங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இந்த ஒற்றுமை முக்கியமான காரணம்.

இதயம் பிறகு வந்தது. அது மன்னர் ராபர்ட் புரூஸின் இதயம். புனிதப் போருக்குச் செல்வதாக நேர்ந்துகொண்டிருந்த அவர், அது நிறைவேறாமலே 1329இல் இறந்தார். தம் இதயத்தையாவது எடுத்துச் செல்லும்படி அவர் கேட்டுக்கொண்டது தம் போர்த்தோழர் ஜேம்ஸ் டக்ளஸை. ஜேம்ஸ் அதை ஒரு பேழையில் வைத்துச் சுமந்து சென்றார். 1330இல் ஸ்பெயினின் தேபா என்னுமிடத்தில் கிரனாடா என்ற முஸ்லிம் அரசின் படையோடு நடந்த போரில் மாண்டார். மன்னரின் இதயம் ஊர் திரும்பி மெல்ரோஸ் மடத்தில் அடக்கமானது. ஜேம்ஸின் எலும்புகள் டக்ளஸ் ஊர்த் தேவாலயத்துக்கு வந்தன.

என்னை நெகிழ வைப்பது இதுதான்: இதயத்தைச் சுமந்தவரின் கேடயத்தில் இதயம் இல்லை. அவர் காலம் முழுவதும் விண்மீன்கள் மட்டுமே. பின்வந்தவர்கள்தான் அதைப் பொறித்துக்கொண்டார்கள். அவருடைய தம்பி மகன் வில்லியம் 1358இல் டக்ளஸ் குலத்தின் முதல் ஏர்ல் ஆனார்; ஏர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்.

கொடிவழியை வரைய உட்காருபவர்கள் அடுத்த தலைமுறையில் திகைத்து நிற்பார்கள். 1388இல் ஆட்டர்பர்ன் போரில் இரண்டாம் ஏர்ல் முறைப்படியான வாரிசு இன்றி இறந்தார். பட்டம் யாருக்குப் போனது? இதயத்தைச் சுமந்த ஜேம்ஸுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த ஆர்ச்சிபால்டுக்கு! முதல் ஏர்லுக்கு அதேபோல் பிறந்த ஜார்ஜ், ஆங்கஸின் ஏர்ல் ஆனார். முன்னவர் வழியினர் கறுப்பு டக்ளஸ், பின்னவர் வழியினர் சிவப்பு டக்ளஸ். பிறப்பு முறைப்படி அமையாத இருவரிடமிருந்தே இரு பெருங்கிளைகளும் வளர்ந்தன. இதை மறைத்து எழுதும் வம்சாவளிகளை நான் ஏற்பதில்லை.

கறுப்புக் கிளையின் முடிவு கொடியது. 1440இல் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பட்ட இளம் ஆறாம் ஏர்லும் அவர் தம்பியும் கொல்லப்பட்டார்கள். பட்டம் அவர்களுடைய பாட்டனாரின் தம்பிக்குப் போனது. இதைச் சொல்லும்போதே மனம் கனக்கிறது. அவர் மகனான எட்டாம் ஏர்லை 1452இல் ஸ்டர்லிங் கோட்டையில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரே கத்தியால் குத்தினார். 1455இல் நிலமும் பட்டமும் பறிபோயின. அரசர் பக்கம் நின்ற சிவப்புக் கிளை தழைத்தது. அக்கிளையில் பிறந்த மார்கரெட் டக்ளஸின் பேரன்தான் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னரான ஆறாம் ஜேம்ஸ்.

அந்த இதயம் இருப்பதாகக் கருதப்படும் ஈயப் பேழையை 1996இல் மெல்ரோஸில் அகழ்ந்தெடுத்தார்கள். 1998இல் அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.