நெல் விளையாத மண்

வணக்கம். போர்னியோத் தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் வாழும் இபான் மக்களிடம் ஒரு சொல் உண்டு: கெராங்காஸ். காட்டை வெட்டித் திருத்தினாலும் நெல் விளையாத நிலம் என்று அதற்குப் பொருள். நம் பக்கத்தில் களர் நிலம் என்று ஒதுக்கி வைப்போமே, அதுபோல உழவன் கைவிட்ட மண். அந்த மண்ணின் மேல் நிற்கும் ஒரு காட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குச்சிங் நகரிலிருந்து 37 கிலோமீட்டர் தூரத்தில், தென் சீனக் கடலோரம் இருக்கும் பாக்கோ தேசியப் பூங்கா.

1957இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மலேசியா என்ற நாடே அப்போது உருவாகவில்லை. சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா இதுதான். பரப்பளவு 27 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தீபகற்ப மலேசியாவில் இருக்கும் நம் பெரிய தேசியப் பூங்கா தாமான் நெகாராவின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அலையாத்திக் காடு, கடற்கரைப் பாறை, சதுப்பு, உயர்ந்த மழைக்காடு, மேட்டுப் புதர்வெளி என்று போர்னியோவின் பலவகைக் காடுகளை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். அதற்காகவே நான் குச்சிங்கில் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில் பல முறை அங்கே போயிருக்கிறேன்.

பூங்காவுக்குச் சாலை கிடையாது. குச்சிங்கிலிருந்து பேருந்தில் கம்போங் பாக்கோ வரை போய், அங்கே கிராமத்துக்காரர்கள் ஓட்டும் படகில் ஏற வேண்டும். இருபது, முப்பது நிமிடப் பயணம். ஆற்றின் முகத்தைத் தாண்டியதும் இடது பக்கம் கடலை ஒட்டி ஒரு மலை எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். அது சந்துபோங் மலை. 1855ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த மலையடிவாரத்து வீடொன்றில் தங்கியிருந்தபோதுதான் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புதிய உயிரினம் ஒவ்வொன்றும் அதற்கு முன்னிருந்த நெருங்கிய உறவினத்தை ஒட்டியே தோன்றுகிறது என்ற தன் கட்டுரையை எழுதினார். டார்வினின் புத்தகம் வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. படகில் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மாணவர்களுக்குப் பரிணாமம் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது ஒரு கோவில் கோபுரம் மாதிரி.

கடல் வற்றியிருக்கும் நேரமென்றால் படகு கரை வரை வராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். தெலுக் அசாம் என்ற அந்தக் கரையில்தான் பூங்கா அலுவலகமும் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. எந்தப் பாதையில் போகிறோம் என்று அங்கே பெயர் எழுதிவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைய வேண்டும். திரும்பி வந்ததும் அதையும் சொல்ல வேண்டும். அலட்சியம் வேண்டாம், வழி தவறியவர்களைத் தேடப் போகிறவர்களுக்கு அந்த ஏடுதான் துணை.

முதல் தடவை நான் போனது ஒரு நாள் பயணமாக. எங்களை அழைத்துப்போன வண்டிக்காரர் காலை பத்தரை மணிக்குக் கொண்டுபோய் விட்டு, மூன்று மணிக்குப் படகு, கடல் வற்றிவிட்டால் சிரமம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கோ அருவியைப் பார்த்தே ஆக வேண்டும். தாஜோர் அருவிக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். கேட்க அதிகமில்லை. ஆனால் வேர்களின் மேலும் பாறைகளின் மேலும் ஏறி இறங்கும் பாதை அது. போகவே இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். பத்து நிமிடம் நின்றோம், படம் எடுத்தோம், திரும்பினோம். வழியில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் என் முன்னால் நடந்தவரின் முதுகைத்தான் சொல்வேன். அந்த நாளை இழந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் எனக்குண்டு. அதனால்தான் எவர் கேட்டாலும் ஒரே வார்த்தையாகச் சொல்கிறேன்: ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

சரி, அந்தப் பாதையை இப்போது நிதானமாக நடப்போம். கரையிலிருந்து முதலில் நல்ல ஏற்றம். உயர்ந்த மரங்கள், நிழல், வியர்வை. அரை மணி நேரம் ஏறினால் மேட்டுக்கு வந்துவிடுவோம். மரங்கள் சட்டென்று குட்டையாகும், தண்டுகள் மெலியும். மேலே வானம் திறந்துகொள்ளும், வெயில் நேராக மண்டையில் இறங்கும். குனிந்து பார்த்தால் காலடியில் வெள்ளை மணல், கடற்கரை மணல் போலவே. இதுதான் கெராங்காஸ். மணற்பாறை கரைந்து உண்டான மண். அமிலத்தன்மை மிகுந்தது, உரச்சத்தைப் பிடித்து வைக்காது. மழை பெய்தால் சத்தெல்லாம் வடிந்து போய்விடும்.

இங்கே உயிர் வாழ வேண்டுமென்றால் செடிகள் வேறு வழி தேட வேண்டும். ஒரு மரக்கிளையில் வீங்கிப்போன கிழங்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது எறும்புச் செடி. அந்தக் கிழங்குக்குள் அறை அறையாகப் பொந்துகள், அவற்றில் எறும்புகள் குடியிருக்கும். எறும்பு கொண்டுவந்து போடும் கழிவுதான் செடிக்கு உரம். வீடு கொடுத்து வாடகையாகச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் செடி.

அப்புறம் குடுவைத் தாவரங்கள். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள், குரங்குப் பானை என்று அர்த்தம். பாதை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குடுவைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் நீளம்தான் இருக்கும். வாய் விளிம்பு மெழுகுபோல வழவழவென்று, மேலே சிறிய மூடி. அந்த மூடியின் அடிப்பக்கத்தில் ஓர் எறும்பு தலைகீழாக நடந்து தேனை நக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தூறல் போட்டது. ஒரு துளி மூடியின் மேல் விழுந்தது, மூடி துடித்தது, எறும்பு நேராகக் குடுவைத் தண்ணீருக்குள். இப்படி மழைத்துளியையே பொறியாக வைத்து இந்த இனம் பூச்சி பிடிக்கிறது என்பதை 2012இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்திருந்தும், கண் முன்னால் நடந்தபோது நான் வாய்விட்டு "அடடா" என்றேன்.

எல்லாக் குடுவையும் பூச்சி பிடிப்பதில்லை. தரையில் கூட்டம் கூட்டமாக, குட்டைப் பானைகளை வரிசையாகக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி ஒரு வகை இருக்கும். அதன் மூடி பின்னால் மடங்கிப் போயிருக்கும். மேலே மரத்திலிருந்து உதிரும் சருகு உள்ளே விழுந்து மக்கிப்போவதுதான் அதன் முக்கிய உணவு. இன்னொரு வகைக்கு வாயைச் சுற்றி வெள்ளைப் பட்டை, அது கறையானுக்கு வைத்த வலை. ஒரே மண்ணில், ஒரே பஞ்சத்தில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமையல்.

இப்படி நடந்து நடந்து அருவிக்கு வந்தால், தண்ணீர் தே ஓ நிறத்தில், அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருக்கும். உண்மையாகவே தே ஓ. இதைப் பார்த்து அழுக்கு என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்கு இல்லை. தேயிலையை வெந்நீரில் போட்டால் சாறு இறங்குகிறதே, அதே மாதிரி சருகுகளின் சாறு மழைநீரில் இறங்குகிறது. வேறு மண்ணாக இருந்தால் அந்தச் சாற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இந்த வெள்ளை மணல் அப்படியே விட்டுவிடுகிறது. அருவி பெரியதல்ல. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் காலை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், நடந்து வந்த வழி முழுவதும் எதற்காக அப்படி இருந்தது என்று புரியும்.

தேயிலை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். குச்சிங்கின் இன்னொரு பக்கம் மாத்தாங் மலையில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆங்கிலேய புரூக் குடும்பம் சரவாக்கை ஆண்ட காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த நம்மவர்கள் கட்டியது. தோட்டம் மூடப்பட்டது, காடு திரும்ப வந்து மூடிக்கொண்டது, கோவில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

இனி, பாக்கோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தேடும் ஆளைப் பற்றி. நீள மூக்குக் குரங்கு. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. மலாயில் மொன்யெட் பெலாண்டா, டச்சுக்காரக் குரங்கு என்பார்கள். பெரிய மூக்கு, தொப்பை, செம்பட்டை முடி. ஆண் இருபது கிலோவுக்கு மேலும் போகும், பெண் அதில் பாதிதான். மூக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆணின் குரலுக்கு அது கூடுதல் கனம் கொடுக்கிறது. மூக்கு பெரிதாக உள்ள ஆணின் குழுவில் பெண் குரங்குகளும் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தொப்பைக்கும் காரணம் உண்டு. மாட்டுக்கு இருப்பதுபோல அறை அறையான வயிறு. இலையைப் புளிக்க வைத்துத்தான் செரிக்க முடியும். உண்டதை மேலே கொண்டுவந்து அசைபோடுவதைக்கூடப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பழுத்த இனிப்புப் பழம் இதற்கு ஆகாது. வயிற்றில் வேகமாகப் புளித்து, காற்று நிரம்பி, உயிருக்கே ஆபத்தாகும். வாழைப்பழம் நீட்டிப் பாசம் காட்ட நினைக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்க்கத் தெலுக் டெலிமாவுக்குப் போங்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மாலை நான்கரைக்கு மேல். ஒரு மாலையில் நான் அங்கே தனியாக நின்றிருந்தேன். கடல் வற்றி, சேறு பளபளத்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அதை உயர்த்தி உயர்த்தி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. மேலே கிளை முறியும் சத்தம். ஒரு பெண் குரங்கு என் தலைக்கு நேரே வந்து உட்கார்ந்து இலை பறித்தது. மார்பில் குட்டி, அதன் முகம் கருநீலம். தாய் தின்ற இலையின் காம்புகள் என் தோளில் விழுந்தன. என்னை ஒரு தடவை பார்த்தது, பிறகு பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். விடுதிப் பக்கம் தாடிப் பன்றி வரும். 2021இல் போர்னியோவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த இனத்தைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது, அதனால் ஒன்றைப் பார்த்தாலும் தள்ளி நின்று பாருங்கள். பச்சைக் குழிவிரியன் ஒரே கிளையில் நாள் கணக்கில் அசையாமல் இருக்கும். கிளையைப் பிடித்து ஏறும் பழக்கமுள்ளவர்கள் பிடிக்கும் முன் பார்க்க வேண்டும். நீண்ட வால் குரங்குகள் கையிலிருக்கும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போகும், உணவைப் பைக்குள் வையுங்கள். கடலிலும் ஆற்று முகத்திலும் குளிக்கக் கூடாது, உப்புநீர் முதலை உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை லாண்டாஸ் மழைக்காலம், அலை அடித்தால் படகு ஓடாது. அறைகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் வனத்துறை ஊழியர்கள் விளக்கோடு காட்டுக்குள் அழைத்துப்போவார்கள். நான் கடைசியாகப் போனபோது, ஓர் ஊழியர் விளக்கை அணைக்கச் சொன்னார். கண் பழகியதும், பக்கத்து மரத்தண்டில் பட்டைபோல ஒட்டியிருந்த ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறியது. கொலுகோ, மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து போகும் விலங்கு. உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, கைகால்களை விரித்து, வானத்தின் குறுக்கே ஓசையில்லாமல் மிதந்து அடுத்த மரத்துக்குப் போனது. எங்களில் யாரும் பேசவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.