சந்தேகங்களுக்கு விளக்கம்: அன்னைக்குப் போடாட்டித் திட்டுனாங்க, இன்னைக்குப் போட்டாத் திட்டறாங்க

வணக்கமுங்க. எல்லாரும் சவுக்கியங்களா? இந்த வாரம் தேங்காய் எண்ணெய் பத்திப் பேசறேன்னு சொல்லியிருந்தேன். அதைச் சித்தத் தள்ளி வெச்சுக்கலாமுங்க. வந்த கேள்வியில ஒண்ணு என்னைய விடமாட்டேங்குது.

பெருந்துறைக்கு அக்கட்டால இருந்து ஒரு அம்மணி எழுதியிருக்கறாங்க. அவங்க ஊட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தி வெச்சிருக்குது. புதுக் கிட்னிய உடம்பு ஏத்துக்கோணும்னு, எதிர்ப்புச் சக்தியக் கொறைக்கிற மாத்திரைய அவரு தெனமும் சாப்பிடறாரு. நமக்குச் சாதாரணச் சளின்னா அவருக்கு ஆஸ்பத்திரி. அதனால இவங்க கூட்டத்துக்குப் போனா மாஸ்க் போட்டுக்குவாங்க. போன முகூர்த்தத்துல ஒறம்பரைக் கல்யாணம், ஏசி மண்டபம். உள்ள நொழைஞ்சதும் பெரியம்மா ஒருத்தங்க, "ஏங்கண்ணு, சீக்கா? சீக்கோட எதுக்குக் கூட்டத்துக்கு வந்தே?"ன்னு நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி கேட்டுட்டாங்களாம். அம்மணி எழுதறாங்க: "2020-ல போடாதவங்களைத் திட்டுனாங்க, இப்பப் போட்டவங்களைத் திட்டறாங்க. ரெண்டு தடவையும் திட்டுனது அதே பெரியம்மாதாங்க ஐயா. சனங்க மனசு ஏன் இப்படி மாறுச்சு? நான் போடறதா, வேண்டாமா?"

அதே பெரியம்மாதாங்கன்னு எழுதியிருக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மாத்திரை, தடுப்பூசி இதெல்லாம் அவங்க டாக்டர்கிட்டக் கேக்கோணும். நான் பள்ளிக்கூடத்துல வேதியியல் சொல்லிக்குடுத்தவன், காத்தைப் பத்திக் கேட்டாப் பேசுவேன்.

மனசு மாறுச்சான்னா, எனக்குத் தெரிஞ்சு மாறவே இல்லீங்க. அன்னைக்கும் நம்ம சனங்க காத்துக்காக மாஸ்க் போடல. 2020 செப்டம்பர்ல மாஸ்க் இல்லாட்டி 200 ரூபா அபராதம்னாங்க. 2022 ஜனவரியில அது 500 ஆச்சு. பைபாஸ்ல போலீஸ் நிக்கறாங்கன்னா, தாடையில கெடந்தது மூக்குக்கு ஏறும். தாண்டுன ஒடனே எறங்கிரும். பட்டா விசயமா ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேனுங்க. மாஸ்க் இல்லாம உள்ள வரக்கூடாதுன்னு போர்டு. சோலிய முடிச்சுட்டு வெளிய வந்த ஒருத்தரு, தன்ற மாஸ்க்கைக் கழட்டிப் பங்காளி கையில குடுத்தாரு. அவரு அதையே மாட்டிக்கிட்டு உள்ள போனாரு. அவரு வந்ததும் மூணாவது ஆளு கைய நீட்டறாரு. ஒரே மாஸ்க்குங்க! வாசல்ல நின்ன காவலரும் பாத்துட்டுத்தான் இருந்தாரு. அவருக்கு வேண்டியது மூஞ்சியில ஒரு துணி.

இன்னொண்ணு பாத்திருப்பீங்க. பைக்ல தனியாப் போறப்ப, அத்தன காத்து அடிக்கிற ரோட்டுல, மாஸ்க் இருக்கும். பேக்கரிக்குள்ள நொழைஞ்சு டீயும் தேங்காபன்னும் சொல்லிட்டு, முப்பது பேரு பேசிட்டிருக்கற எடத்துல கழட்டிச் சட்டைப் பையில வெச்சுக்குவாங்க. எங்க வேணுமோ அங்க இருக்காது.

அப்பறம் அபராதம் போச்சு. 2023 ஏப்ரல் 1-ந் தேதியில இருந்து அரசு ஆஸ்பத்திரிக்குள்ள போடோணும்னு ஒருக்காச் சொன்னாங்க. மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம், கொரோனா அவசரநிலை முடிஞ்சுதுன்னு அறிவிச்சுது. போலீசுக்காகப் போட்டது போலீஸ் போனதும் போயிருச்சு. பெரியம்மாவ நான் குத்தம் சொல்லமாட்டேனுங்க. "போடு"ன்னு அவங்களுக்குச் சொன்னாங்க, "இனி வேண்டாம்"னும் சொன்னாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லல.

எதுக்குன்னு இப்பச் சொல்றேனுங்க. முன்னால நான் போட்ட ஊதுபத்தி வீடியோவப் பாத்தவங்களுக்கு இது பழைய பாட்டு, பொறுத்துக்கோணும், நான் விடப்போறதில்ல. ஒரு ரூமுக்குள்ள மூலையில ஒருத்தரு பீடி பத்த வெக்கறாருன்னு வெச்சுக்குங்க. மூணடி தள்ளி உக்காந்தா நாத்தம் வராதுங்களா? ஆறடி தள்ளி உக்காந்தா? கதவை அடைச்சிருந்தா அடுத்த மூலைக்கும் வரும். அவரு எந்திரிச்சுப் போன பொறகும் ரொம்ப நேரம் நிக்கும். இருமறப்பத் தெறிக்கிற பெருந்துளி கீழ விழுந்துரும். பேசறப்ப, பாடறப்ப, சும்மா மூச்சு விடறப்ப வர்ற பொடித்துளி அந்தப் பொகை மாதிரியே மெதக்கும். கொரோனா, அம்மை, டிபி, ஃப்ளூ எல்லாத்துக்கும் இது உண்டு. எந்த எடத்துல அவரு பீடி ஊதுனா உங்களுக்கு மூக்குல ஏறுமோ, அந்த எடத்துல அவரு மூச்சை நீங்க இழுக்கறீங்க. அவ்வளவுதானுங்க.

இந்தச் சங்கதிய ஒலகத்துல பெரியவங்களே லேட்டாத்தான் ஒத்துக்கிட்டாங்க. 2020 மார்ச் 28-ந் தேதி உலக சுகாதார நிறுவனம், கொரோனா காத்துல பரவற நோய் இல்லைன்னே எழுதுச்சு. அதுக்கப்பறம் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, காத்துல பரவுதுன்னு தெளிவாச் சொல்றதுக்கு. அதுவரைக்கும் நாம என்ன பண்ணிட்டிருந்தோம்? கதவுக் கைப்பிடியத் தொடச்சோம், காய்கறியக் கழுவுனோம். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில 2020 ஏப்ரல்ல கிருமிநாசினிச் சுரங்கம் வெச்சாங்க, ஞாபகமிருக்குதுங்களா? கையத் தூக்கிட்டு நடந்து போனா மேல பொகையாட்ட மருந்து அடிக்கும். டிவியில எல்லாம் காட்டுனாங்க. கொஞ்ச நாள்ல அரசே அது வேண்டாம்னு சொல்லிருச்சு. மருந்து தோல் மேல விழுகுது, மூச்சு நெஞ்சுக்குள்ள இருந்து வருது. ரெண்டுக்கும் என்னங்க சம்மந்தம்?

சரி, மாஸ்க் வேலை செய்யுதா? இதுல நம்ம ஊருக்காரங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. பனியன் கம்பெனிக எல்லாம் 2020-ல மாஸ்க்கும் கவச உடையும் தெச்சுத்தான் ஆளுகளுக்குச் சம்பளம் குடுத்தாங்க. கோயமுத்தூர்ல சிட்ராங்கற துணி ஆராய்ச்சி நிலையத்துலதான் மொதல்ல நாட்டுக்கே அந்த உடைகளச் சோதிச்சுக் குடுத்தாங்க, செயற்கை ரத்தத்தைப் பீச்சி, உள்ள எறங்குதான்னு பாத்து. ஆனா பனியன் துணி மாஸ்க்கும் என்95-ம் ஒண்ணில்லீங்க. பனியன் துணி வலைப்பின்னல். இழுத்தா ஓட்டை விரியும். என்95-ல நடுவுல ஒரு லேயர், மெல்ட் ப்ளோன்னு சொல்லுவாங்க, பாலிப்ரொப்பிலீனை உருக்கி ஊதி எடுத்த நூலாம்படை. அதுல நெலையான மின்சாரத்தை ஏத்தியிருப்பாங்க. துளி அந்த ஓட்டைய விடச் சின்னதா இருந்தாலும், பக்கத்துல போறப்ப நூல் இழுத்துப் புடிச்சுக்கும். 0.3 மைக்ரான் துகள்ல 100-க்கு 95-ஐ நிறுத்துது. அதனாலதான் அந்தப் பேரு. இப்ப அதைக் கொண்டு போய்ச் சோப்புத் தண்ணியில அலசிப் பொடக்காளியில காயப்போட்டா என்னாகும்? மின்சாரம் போயிருச்சு, துணிதான் மிச்சம். முன்னால வால்வு வெச்சது பாதி வேலைதானுங்க செய்யும். நீங்க இழுக்கற காத்தை வடிகட்டும், விடற காத்தை அப்படியே வெளிய அனுப்பிரும்.

பங்களாதேசத்துல 2020 நவம்பர்ல இருந்து 2021 ஏப்ரல் வரைக்கும் 600 கிராமத்துல, மூணு லட்சம் பேருக்கு மேல வெச்சு ஒரு சோதனை பண்ணுனாங்க. பாதி ஊருக்கு மாஸ்க்கும் குடுத்து, போடச் சொல்லிக் கூடவே நின்னாங்க. போடறவங்க 100-க்கு 13-ல இருந்து 42-க்கு ஏறுனாங்க. சர்ஜிகல் மாஸ்க் குடுத்த ஊருகள்ல அறிகுறியோட உறுதியான நோய் 11 சதவீதம் கொறஞ்சுது. 60 வயசுக்கு மேல இருந்தவங்களுக்கு 35 சதவீதம். பாதிப் பேருக்கு மேல போடாமலே இருந்த ஊருல இவ்வளவுன்னு பாத்துக்குங்க. துணி மாஸ்க் குடுத்த ஊருகள்ல இவ்வளவு தெளிவா ஒண்ணும் சொல்ல முடியல.

மாஸ்க் போட்டவங்களைக் கேவலமாப் பாக்கறதும் புதுசில்லீங்க. பினாங்குல, நம்ம தமிழ்ச் சனங்க நெறையா இருக்கற ஊரு, அங்க 1879-ல பொறந்தவரு வூ லியன்-தேன்னு ஒரு டாக்டர். 1910 கடைசியில மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் வந்து, சீன அரசு அவரை அனுப்புச்சு. அவரு பொணத்தை அறுத்துப் பாத்துட்டு, இது எலியால இல்ல, மூச்சுல பரவுதுன்னாரு. காஸ் துணிக்கு நடுவுல பஞ்சு வெச்சு மாஸ்க் செஞ்சு எல்லாரையும் கட்டச் சொன்னாரு. அங்க மெனின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், அனுபவசாலி. "ஒரு சீனாக்காரன் எனக்குச் சொல்றதா"ங்கற மாதிரி எளக்காரம். மாஸ்க் இல்லாமயே நோயாளிகளப் பாக்கப் போனாரு. கொஞ்ச நாள்லயே பிளேக் வந்து செத்துப் போயிட்டாரு. அதுக்கப்பறம் ஊரே மாஸ்க் கட்டுச்சு. கோயமுத்தூர்லயும் அந்தக் காலத்துல பிளேக் வந்து ஊரை உலுக்கியிருக்குது. பிளேக் மாரியம்மன் கோயில் இன்னைக்கும் அதுக்குச் சாட்சி. 2021-ல இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்கே செலை வெச்சாங்க. சாமி கும்பிடறதுல நாம என்னைக்கும் பின்தங்குனதில்ல.

கும்பிடறதுன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கம் சில கோயில்ல பூசாரி வாயைக் கட்டிக்கிட்டுத்தான் பூசை பண்ணுவாரு. எச்சில் சாமி மேல தெறிக்கக்கூடாது. அவரைப் பாத்து யாராச்சும் "சீக்கா பூசாரி?"ன்னு கேட்டிருக்கறமா? என்ற சித்தப்பா மில்லுல கார்டிங் செக்சன்ல இருந்தாரு. பஞ்சுத் தூசிக்குத் துண்டை மூக்கோட சேத்துக் கட்டிக்குவாரு. அப்படியும் லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சைப் புடிக்கும். மில்லுக்காரங்களுக்கு இந்த நோய் தெரியும், பிசினோசிஸ்னு பேரு. இப்பவும் வேஸ்ட் காட்டன் மில்லுக்குப் போற பொம்பளைங்க துப்பட்டாவச் சுத்திக்கிட்டுத்தான் பஸ் ஏறறாங்க. அவங்களையும் யாரும் கேக்கறதில்ல. கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி மாஸ்க்கும் போட்டாத்தான் நமக்குக் கண்ணை உறுத்துது.

அந்த அம்மணி என்னைய மாஸ்க் பத்திக் கேட்டாங்க. எனக்கு அவங்க வேறொண்ணு கேட்டிருக்கலாமுன்னு தோணுது. அந்த மண்டபத்துல ஜன்னல் எங்கீங்க?

செவுத்துல மாட்டற ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வருதுன்னு நெனைக்கறவங்க நெம்பப் பேரு. வெளிய ஒரு பொட்டி இருக்குதில்லீங்களா, அதனால. ரெண்டு பொட்டிக்கும் நடுவுல போறது ரெண்டு செம்புக் கொழாய், உள்ள ஓடறது கேஸ். காத்து ஒரு பொட்டுக் கூட வராது. ரூமுக்குள்ள இருக்கற காத்தையே இழுத்துக் குளுத்தி அங்கயே ஊதுது. எண்ணூறு பேரு மூச்சு விட்ட காத்தை அந்த எண்ணூறு பேரே திரும்ப இழுக்கறாங்க. இதை அளக்கலாமுங்க. வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 சொச்சம். நாம விடற மூச்சுல 40,000 பக்கம். அடைச்ச மண்டபத்துல மீட்டர் 2,000 காட்டுச்சுன்னா, மிச்சம் 1,600-ம் சனங்க மூச்சு. 1,600-ஐ 40,000-ல வகுங்க. 25-ல ஒண்ணு. நீங்க இழுக்கற இருபத்தஞ்சு மூச்சுல ஒரு மூச்சு ஏற்கனவே இன்னொருத்தரு நெஞ்சுக்குள்ள போயிட்டு வந்தது.

பெருந்துறையில இன்னைக்கு மெடிக்கல் காலேஜா இருக்குதே, அது ஆதியில டிபி சானடோரியம். வயசானவங்க இன்னும் அந்தப் பேருதான் சொல்லுவாங்க. 2020 மார்ச்சுல ஈரோட்டு மாவட்டத்துக்கு வந்த மொதல் கொரோனா நோயாளிகளையும் அங்கதான் வெச்சாங்க. டிபிக்கு மாத்திரை இல்லாத காலத்துல சானடோரியம்னா என்ன வைத்தியம்? ஊரை விட்டுத் தள்ளி, காத்தோட்டமான எடம், பெரிய ஜன்னல், நீள வெராந்தா. 1950-கள்ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ரைலின்னு ஒருத்தரு, டிபி வார்டுக் காத்தைக் கொழாய் வழியா மாடிக்குக் கொண்டு போயி, கினிப்பன்னிக் கூண்டுக்குள்ள விட்டாரு. நோயாளி யாரும் அதுகளைத் தொடல, பக்கத்துல கூடப் போகல. காத்து மட்டும்தான் போச்சு. பன்னிகளுக்கு டிபி வந்துருச்சு.

நமக்கு என்ன கொறைங்க? ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாடி சுத்திக் கரண்டே எடுக்கறாங்க. அந்தக் காத்து அடிக்கிற ஊருல, கண்ணாடி போட்டு அடைச்சு, மண்டபம் கட்டி, உள்ள மூச்சு முட்ட உக்காந்துட்டு, மாஸ்க் போட்ட ஒரு பிள்ளையப் புடிச்சுத் திட்டறோம்.

சரி அம்மணி, உங்களுக்குப் பதில் சொல்லாம விட்டா வெசனப்படுவீங்க. போடுங்க. வால்வு இல்லாத என்95, மூக்குக் கம்பிய அழுத்தி, ஓரத்துல காத்து கசியாம. பெரியம்மா கேட்டா, "ஊட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தியிருக்குதுங்க, அவருக்காக"ன்னு சொல்லுங்க, அவங்களே அடுத்த ஆளுக்கு வெளக்கஞ் சொல்லிருவாங்க. சாப்பிடறப்பக் கழட்டித்தான் ஆகோணும், அதனால மொதப் பந்தியிலயே, கூட்டம் சேர்றதுக்கு முன்னால உக்காந்து எந்திரிச்சுருங்க. கதவுக்குப் பக்கத்துல எடம் புடிங்க. தாலி கட்டறது தெரியாது, பரவாயில்ல, வீடியோவுல பாத்துக்கலாம்.

மத்தவங்களுக்கு ஒரு வேலை தர்றேனுங்க. ஊட்டுல விசேசம் வெச்சு மண்டபம் பாக்கப் போறப்ப, வாடகை, பார்க்கிங், ஜெனரேட்டர் எல்லாம் கேக்கறீங்க. "எக்ஸாஸ்ட் ஃபேன் எத்தனை இருக்குது, ஓடுதா, வெளிக்காத்து எந்த வழியா உள்ள வருது?"ன்னும் மேனேஜரைக் கேளுங்க. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. தேங்காய் எண்ணெய் அடுத்த வாரமுங்க.