ரெண்டு வாரம் முன்னாடி எப்படி இருந்தாங்க?

வணக்கம் நேயர்களே. 80, 90 வயதுக்காரர்களுக்குப் புற்றுநோய் என்று அவசர ஆபரேஷன் செய்யலாமா என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் குடல் அறுவை மருத்துவர், அதனால் பெருங்குடல் புற்றை வைத்தே பேசிவிடுகிறேன்.

மூன்று நாளாக மலம் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு தவில் மாதிரி உப்பியிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் மலச்சிக்கல் மாத்திரை ஓடியிருக்கும், ரத்தம் போனதை மூலம் என்று விட்டிருப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் இடதுபக்கப் பெருங்குடலைக் கட்டி அடைத்திருக்கும். தேங்கித் தேங்கி வலதுபக்கக் குடல் ஊதிக் கிழிந்துவிட்டால் ஆளைப் பிழைக்கவைப்பது கஷ்டம், அதனால் யோசிக்கச் சில சமயம் ஒரு ராத்திரிகூடக் கிடைக்காது.

"இந்த வயசுல தாங்குவாங்களா டாக்டர்?" என்பார்கள். "ரெண்டு வாரம் முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்பேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. கனடாவில் ராக்வுட் என்ற முதியோர் மருத்துவரும் குழுவினரும் 2005-இல் உடல் தளர்ச்சிக்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள், இப்போது அதில் 9 படிகள். இன்று கட்டிலில் கிடக்கும் கோலத்தைப் பார்த்து அதில் மதிப்பெண் போடக்கூடாது, இரண்டு வாரம் முன்பு இருந்த நிலையைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஒரு பாட்டி, 88 வயது. கத்தி வைக்கவே வேண்டாம் என்று மகன்கள் நின்றார்கள். நான் கேட்டதும் மகன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, பின்னாலிருந்து மருமகள், "ஆடு மேய்க்கிறது, ரேஷன் கடை வரிசை எல்லாம் அத்தைதான்" என்றார். அப்புறம் பாட்டியிடமே போனேன். கட்டியை எடுக்கலாம், உயிருக்கு ஆபத்தும் உண்டு, மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டும் என்று காதருகே சத்தமாகச் சொன்னேன். மூக்கில் குழாயோடு, "பை வெச்சா சேலைய எங்க கட்டுறது?" என்றார்.

உருப்படியான கேள்வி. உட்காரவைத்து, பாவாடை நாடா பதியும் கோட்டையும் வயிற்று மடிப்பையும் தவிர்த்து, குனிந்தால் அவர் கண்ணுக்கே தெரிகிற இடமாகப் பேனாவால் குறித்த பிறகுதான் தியேட்டருக்குள் கொண்டுபோனோம். படுக்கவைத்தே குறித்துவிட்டால் பின்னால் உட்காரும்போது மடிப்பு விழுந்து பை கசியும். கட்டியை வெட்டி, குடலின் மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கீழ்முனையை மூடிவிடுவது பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹார்ட்மன் 1921-இல் சொன்ன முறை. குடலோடு குடலைச் சேர்த்துத் தைப்பதில்லை, அதனால் அந்தத் தையல் விட்டுப்போகும் பயம் இல்லை. திரும்பச் சேர்க்க இன்னோர் ஆபரேஷன் வேண்டும், இந்த வயதில் பலருக்கு அது நடப்பதே இல்லை, பை நிரந்தரமாகிவிடும். சேலைக் கேள்விக்கு நான் ஏன் இத்தனை நேரம் எடுக்கிறேன் என்று புரிந்திருக்கும். பாட்டி மறுபடி ஆடு மேய்த்தார், ஒன்றை மட்டும் விற்றுவிட்டார்.

இன்னொருவருக்கு 72 வயதுதான், ஆனால் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கை. அவருக்குக் கத்தி எடுக்கவில்லை, எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்ற விரியும் வலைக்குழாயை வைத்து அடைப்பை மட்டும் திறந்தோம். வாந்தி நின்று வீட்டுக்குப் போனார். அதுவும் வைத்தியம்தான்.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் தாத்தா ட்ரிப்ஸைப் பிடுங்குவார், செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், மறுநாள் எழுப்பி உட்காரவைக்க வந்தால் பாவம் தூங்கட்டும் என்று தடுக்காதீர்கள். வணக்கம்.