உருண்டை எழுத்துருவில் கடைப் போர்டு: மூணு சுழி ண ஏன் அடைத்துக்கொள்கிறது?

அடுத்த கேள்வி பினாங்கு லெபோ பாசார்ல இருந்து வந்திருக்கு. "கடைப் பேரு மணிவண்ணன் ஸ்டோர். பாலூ தம்பி எழுத்துருல எக்ஸ்ட்ரா போல்டு போட்டேன். ஸ்கிரீன்ல அழகா இருந்துச்சு. போர்டு ஏத்தின பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தா ண எது, ன எதுன்னே தெரியல. எழுத்துருவை மாத்தணுமா?"

மாத்த வேண்டாங்க. மும்பையில எழுத்துரு செய்யுற எக் டைப் நிறுவனம் செஞ்ச நல்ல எழுத்துரு, இலவசம், கடைக்கும் போட்டுக்கலாம். பாலூ தம்பி 2-ல ரெகுலர்ல இருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரைக்கும் 5 கனம், அதாவது கோட்டோட தடிப்பு, இருக்கு. நீங்க எடுத்த கனம்தான் இடிக்குது.

மூணு சுழி ண, ரெண்டு சுழி னன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமில்லையா? அந்த ஒரு சுழிதான் வித்தியாசம். கோடு தடிக்கத் தடிக்க சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை இடம் சுருங்கும். ஆங்கில ஓ-வுக்குள்ள ஒரே ஓட்டை, எவ்வளவு தடிச்சாலும் தாங்கும். ண தாங்காது. ணி, ணீ-யும் அப்படித்தான், மேல இருக்கிற சுழி மூடிக்கிட்டா குறிலா நெடிலான்னு தெரியாது. நம்ம ஊர்ல மலாய் எழுத்துதான் போர்டுல பெருசா இருக்கணும், தமிழுக்கு மிச்ச இடம்தான். சின்ன சைஸ்ல மலாய்க்குப் போட்ட அதே கனத்தைத் தமிழுக்கும் போட்டா அடைச்சுக்கும். மலாய்க்கு எக்ஸ்ட்ரா போல்டே இருக்கட்டும், தமிழை செமி போல்டுக்கு இறக்குங்க. உள்ள எல்இடி வச்ச எழுத்துன்னா இன்னும் ஒரு படி கீழ, மீடியம். ராத்திரி வெளிச்சம் பரவி அந்த வெள்ளையை இன்னும் தின்னுடும்.

போர்டு அடிக்கிறவர் "பாஸ், கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்"னு எழுத்தைச் சுத்தி அவுட்லைன் ஏத்துவாரு. விடாதீங்க. வெளியே தடிக்கிற அளவுக்கு உள்ளயும் தடிக்கும்.

அடிக்கிறதுக்கு முன்னாடியே சோதிச்சுடலாம். போர்டுல எழுத்து 6 அங்குலம், பார்க்கிற தூரம் 60 அடின்னு வைங்க. பத்துல ஒரு பங்கா, 0.6 அங்குலத்துல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி 6 அடி தள்ளி நில்லுங்க. கடைப் பேரு தெரியாத ஒருத்தரை வாசிக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் பேரு மனப்பாடம், நீங்க வாசிச்சா கணக்கில்ல.

அக்ரிலிக்கை சிஎன்சி ரவுட்டர்ல (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்) வெட்டுறதா இருந்தா, எந்த பிட்டு, அதாவது சுத்தி வெட்டுற முனை எத்தனை மில்லின்னு கேளுங்க. 6 மில்லி பிட்டுன்னா உள்மூலை 3 மில்லி வளைவாத்தான் வரும். உருண்டை எழுத்துல அது உறுத்தாது, கூர்மூலை எழுத்துல அசிங்கமா தெரியும். ஆனா சுழிக்குள்ள 6 மில்லி இடமே இல்லன்னா பிட் உள்ளயே போகாது, ண மொத்தையாத்தான் வெட்டுப்படும். லேசர்ல அந்தத் தொல்லை இல்ல.

ஃபைலை அனுப்புறப்ப எழுத்தை அவுட்லைனா மாத்தி அனுப்புங்க. இது மேல சொன்ன சுத்துக்கோடு இல்ல, எழுத்துரு இல்லாமலே திறக்கிற வெறும் வடிவமா மாத்துறது. அப்படியே அனுப்பினா அவங்க கம்ப்யூட்டர்ல 'ஸ்டோர்' கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கலாம். மாத்தின பிறகு ஒண்ணு மேல ஒண்ணு ஏறின கோடுகளை ஒட்டிடுங்க, கோரல்ட்ரால வெல்டு, இல்லஸ்ட்ரேட்டர்ல யுனைட். இல்லன்னா ஸ்டிக்கர் வெட்டுற பிளாட்டர் மெஷின் எழுத்துக்கு நடுவுலயே கோடு போட்டு ஸ்டிக்கரை வெட்டிடும். ஒட்டின பிறகு 'ண்' மேல இருக்கிற புள்ளி எழுத்தோட சேர்ந்துடுச்சான்னு பெருசு பண்ணிப் பாருங்க. சேர்ந்திருந்தா புள்ளியை மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வைங்க.