முடிக்குத்தான் செலவு: சின்ன பட்ஜெட் ஓநாய் மனிதப் படங்கள்

(திரையிடலுக்கு முன் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

நண்பர்களே, வணக்கம். கையில் காசில்லாமல் பேய்ப்படம் எடுக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால், ஒரே ஒரு யோசனை சொல்கிறேன், ஓநாய் மனிதன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பேய்க்கு ஒரு வெள்ளைப் புடவை போதும். ரத்தக் காட்டேரிக்கு இரண்டு பல். ஜோம்பிக்கு முகத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் பூசி, நாலு நாள் தூங்காதவர்போல நடக்கச் சொன்னால் தீர்ந்தது. ஓநாய் மனிதனுக்கோ உடம்பு முழுக்க முடி வேண்டும், மூக்கு நீள வேண்டும், கால் வளைய வேண்டும், அதுவும் நம் கண் முன்னாலேயே நடக்க வேண்டும். புலி வேஷம் கட்டுகிற ஒருவரைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வர்ணம் காய்வதற்காகக் கையை அகட்டி வைத்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் மணிக்கணக்கில் நின்றார், டீயைக் கூட வேறொருவர்தான் வாயில் ஊற்றினார். அந்தப் புலி கடைசி வரை புலியாகவே இருந்தால் போதும், யாரும் அதைப் பாதி மனிதனாகக் காட்டச் சொல்லவில்லை.

காசு இருந்தவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 1941-இல் யுனிவர்சல் எடுத்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில் மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ் யாக் எருமையின் முடியைக் கொத்துக் கொத்தாகப் பசை போட்டு லான் சேனி ஜூனியரின் முகத்தில் ஒட்டி, சூட்டுக்கோலால் லேசாகப் பொசுக்கிப் படிய வைத்தார். உருமாற்றத்துக்குக் கேமராவையும் நடிகரையும் அசையாமல் வைத்து, கொஞ்சம் எடுப்பது, இன்னும் கொஞ்சம் முடி ஒட்டுவது, மறுபடி எடுப்பது, அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றைக் கரைத்துச் சேர்ப்பது. இவ்வளவு செய்தும் சேனி முதல் முறை மாறும்போது நமக்குக் காட்டுவது காலை மட்டும்தான். பெரிய ஸ்டுடியோவே முழங்காலுக்குக் கீழே நிறுத்திக்கொண்டது.

அப்படியென்றால் ஒரு வாரத்தில் படம் எடுக்கிறவர் என்ன செய்வார்? 1957-இல் வந்த 'ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப்' படத்தைப் பாருங்கள். செலவு சுமார் 82,000 டாலர். அந்தக் காலத்திலும் அது சில்லறைதான், ஆனால் வசூல் 20 லட்சம் டாலர் அளவுக்குப் போனது. நடிகர் மைக்கேல் லேண்டன் இதில் பள்ளி மாணவன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் தனியாக உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள், அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், தலைக்குப் பக்கத்தில் மணி அடிக்கிறது, மாறிவிடுகிறான். நிலா இல்லை, இரவு இல்லை, பட்டப்பகல். அவன் போட்டிருப்பது பள்ளி விளையாட்டு வீரர்களின் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்தான் எனக்குப் படத்திலேயே பிடித்த விஷயம், ஏனென்றால் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை அது மூடிவிடுகிறது, முகத்துக்கும் கைக்கும் மட்டும் முடி ஒட்டினால் போதும். பார்க்கிறவனுக்கோ ஓநாய் ஒன்று பள்ளிக்கூடத்து உடுப்பில் நிற்கிறது, அந்த வயதுப் பையன்களைப் பார்த்துப் பெரியவர்கள் பயந்த பயம் மொத்தமும் ஒரே ஷாட்டில் வந்துவிடுகிறது. சிக்கனத்துக்காகப் போட்ட ஜாக்கெட்டா, யோசித்துப் போட்டதா, எதுவாக இருந்தால் என்ன.

இந்த இடத்தில் வியாபாரிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் பால் நாஷி என்று ஒருவர், உண்மைப் பெயர் ஹசிந்தோ மோலினா, பளுதூக்கும் வீரர். 1968-இல் தானே கதை எழுதி, ஓநாயாகவும் தானே நடித்தார். ஸ்பானியன் எவனும் ஓநாயாக மாறமாட்டான் என்று சர்வாதிகாரி பிராங்கோ காலத்துத் தணிக்கைக்காரர்கள் பிடிவாதமாக இருந்ததால், நாயகனைப் போலந்துக்காரனாக்கி வால்டெமர் தனின்ஸ்கி என்று பெயர் வைத்தார். அதே பெயரில் ஒரு டஜன் படம் வந்தது, ஆள் சாகச் சாக அடுத்த படத்தில் எழுந்து வந்தார். அது இருக்கட்டும், முதல் படம் அமெரிக்கா போனபோது நடந்ததுதான் கூத்து. வாங்கிய விநியோகஸ்தர் தியேட்டர்காரர்களுக்கு ஒரு பிராங்கன்ஸ்டைன் படம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார், கையில் இருந்ததோ ஓநாய்ப் படம். பேசாமல் பெயரை 'பிராங்கன்ஸ்டைன்ஸ் பிளடி டெரர்' என்று மாற்றி, பிராங்கன்ஸ்டைன் குடும்பத்தின் ஒரு கிளைக்கு ஓநாய்ச் சாபம் பிடித்து அவர்கள் 'வுல்ஃப்ஸ்டைன்' ஆகிவிட்டார்கள் என்று முன்னால் ஒரு துண்டை ஒட்டி ஓட்டிவிட்டார்.

ஆண்டி மில்லிகன் என்ற அமெரிக்க இயக்குநரின் கதை இன்னும் மோசம். அவர் லண்டனில் எடுத்து வைத்திருந்த ஓநாய்ப் படம் நீளம் குறைவு. அந்த நேரம் பார்த்து எலிகளை வைத்து வந்த ஒரு படம் ஓடு ஓடென்று ஓட, தயாரிப்பாளர் இதிலும் எலியைப் போடச் சொன்னார். போட்டார்கள். 1972-இல் வெளியான படத்தின் பெயரே எலிகள் வருகின்றன, ஓநாய் மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்கிற பொருளில்தான் இருக்கும். முக்கால்வாசிப் படம் ஒரு குடும்பம் அறைக்குள் சண்டை போடுகிறது, ஓநாய்கள் கடைசியில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கின்றன. நான் முழுதாகப் பார்த்தேன், நீங்கள் பார்க்க வேண்டாம்.

சரி, உருமாற்றத்துக்கு வருவோம். 1981-இல் ஜோ டான்டே எடுத்த 'தி ஹவுலிங்', மொத்தச் செலவே 15 முதல் 17 லட்சம் டாலர்தான் இருக்கும். ஒப்பனைக்கு முதலில் இருந்தவர் ரிக் பேக்கர். இயக்குநர் ஜான் லாண்டிஸுக்குப் பல வருடம் முன்பே கொடுத்த வாக்குக்காக அவர் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்குப் போய்விட, வேலை அவருடைய உதவியாளர் ராப் பாட்டினின் தலையில் விழுந்தது. பாட்டினுக்கு அப்போது வயது இருபதோ இருபத்தொன்றோ. லேட்டக்ஸ் என்கிற ரப்பரால் செய்த தோலுக்கு அடியில் சின்னச் சின்ன ரப்பர் பைகளை வைத்து, குழாய் வழியாகக் காற்றை ஏற்றி இறக்கினார்கள். நெற்றி உப்புகிறது, கன்னம் கொதிக்கிற பால் மாதிரி எழும்புகிறது, அப்புறம் மூக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கதாநாயகி ஓடாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவ்வளவு செலவழித்ததைப் பார்க்க யாராவது ஒருத்தர் நிற்க வேண்டாமா! இதே படத்தில் இரண்டு பேர் நெருப்பருகே ஓநாயாக மாறும் இடம் வெறும் கார்ட்டூன் சித்திரம். காசு எங்கே போனது, எங்கே தீர்ந்தது என்று கணக்குப் புத்தகம் மாதிரிப் படிக்கலாம்.

காட்டாமல் இருப்பதுதான் பயம் என்று சினிமா பேசுகிற எல்லோரும் சொல்வார்கள். மற்ற பேய்களுக்குச் சரி. ஓநாய்ப் படத்துக்கு வருகிறவன் மாறுவதைப் பார்க்கத்தான் வருகிறான், அதைக் காட்டாமல் புதரை மட்டும் அசைத்து அனுப்பினால் அவன் ஏமாந்துதான் வீட்டுக்குப் போகிறான். எனவே எதைக் காட்டுவது, எந்த வேகத்தில் காட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

கனடாவில் 2000-இல் ஜான் ஃபாசெட் இயக்கி கரென் வால்டன் எழுதிய 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்', 50 லட்சம் கனடா டாலர் அளவுக்குள் முடிந்த படம். 1999-இல் பள்ளிகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகள் சாகிற கதை என்பதால், டொராண்டோவில் நடிகர் தேர்வு செய்கிறவர்கள் பலர் இதைத் தொட மறுத்தார்கள். அக்கா, தங்கை இருவர். அக்கா வயதுக்கு வருகிற இரவிலேயே கடி வாங்குகிறாள். அதன் பிறகு ஒரு மாதம். முதலில் காயத்தில் முடி, அப்புறம் நகம், பல், பின்னால் ஒரு வால். ஒரே இரவில் பெரிதாக மாற்றிக் காட்ட வேண்டிய செலவை இப்படித் தவணை முறையில் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தவணையே கதையாகவும் ஆகிவிட்டது, ஏனென்றால் உடம்பில் புதிதாக முளைக்கிற ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் அவளிடம் சொல்கிற பதில், இதெல்லாம் இந்த வயதில் வருவதுதான் என்பது. அவள் காலில் முளைத்த முடியைக் குளியலறையில் ரேசரால் மழிக்கிற காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? எனக்கு அதைவிடப் பயமான இடம் படத்தில் வேறு இல்லை.

இன்று பார்க்கப்போவது 2002-இல் வந்த 'டாக் சோல்ஜர்ஸ்', நீல் மார்ஷலின் முதல் முழு நீளப் படம். கதை ஸ்காட்லாந்து மலைக்காடு, எடுத்தது பெரும்பாலும் லக்சம்பர்க், காசு அங்கே இருந்தது. ஒரு சிப்பாய்க் கூட்டம், ஒரு பண்ணை வீடு, ஒரு ராத்திரி, இவ்வளவுதான். வெளியே குண்டு தீர்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே இங்கிலாந்து ஜெர்மனி கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போன எரிச்சல். ஓநாய்களுக்குள் இருப்பவர்கள் நடனக்காரர்கள், உயரம் கூட்டுகிற பொய்க்கால் மாதிரியான ஒன்றில் நிற்கிறார்கள், அதனால்தான் அந்த நடையில் மனித வாடையே இல்லை. கம்ப்யூட்டர் ஓநாயை மார்ஷல் வைத்துக்கொள்ளவில்லை. சார்ஜன்டின் குடலைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டுகிற ஒரு இடம் வரும், சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் கவனமாக இருங்கள். 105 நிமிடம், இடைவேளை கிடையாது, டீ வேண்டுமென்றால் இப்போதே குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.