மணிக்கொரு தரம்: மூளை பிட்யூட்டரிக்கு அனுப்பும் செய்தி

(புதுதில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹார்மோன் பற்றிக் கேட்க இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று பள்ளியில் படித்தோம். அரை கிராம்தான் இருக்கும். தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விந்தகம் எல்லாம் அது சொல்வதைக் கேட்கும். அதற்கு யார் சொல்வது? அதன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் ஹைபோதலாமஸ். பசிக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தொடர்பை 1951-லேயே எலிகளிடம் காட்டியவர்களில் ஒருவர் பி.கே. ஆனந்த். பிறகு, இதோ பக்கத்திலிருக்கும் எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கியவர் அவர்தான்.

ஆனால் ஹைபோதலாமஸின் கட்டளை பிட்யூட்டரிக்கு எப்படிப் போகிறது? முன்பகுதிக்கு நரம்பு இணைப்பு கிடையாது என்றே சொல்லலாம். மெல்லிய ரத்தக் குழாய்கள் மட்டும் இறங்குகின்றன. அந்த ரத்தத்தில்தான் செய்தி வருகிறது என்றார் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ். பிட்யூட்டரியின் காம்பை வெட்டினார். குழாய்கள் மீண்டும் வளர்ந்த விலங்குகளில் சுரப்பி வேலைக்குத் திரும்பியது. நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வளரவிடாமல் தடுத்தவற்றில் திரும்பவில்லை. 1952-ல் டோரா யாக்கப்சன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, எலியின் பிட்யூட்டரியை எடுத்துவிட்டு, அதன் குட்டிகளின் பிட்யூட்டரியை ஹைபோதலாமஸின் கீழே ஒட்டினார், எலி கருத்தரித்தது. மூளையின் வேறு இடத்தில் ஒட்டியபோது சுரப்பி உயிரோடிருந்தும் ஊமையாகிவிட்டது. இதைவிட அழகான பரிசோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, அந்தச் செய்திப் பொருள் எது? ஹூஸ்டனில் ஒன்றாக வேலை பார்த்துப் பிரிந்த ரோஜர் கீமனும் ஆண்ட்ரூ ஷாலியும் போட்டி போட்டுத் தேடினார்கள். கீமனுக்குச் செம்மறி ஆட்டு மூளை, ஷாலிக்குப் பன்றி மூளை. கீமனின் குழு சேகரித்த ஆட்டு மூளைகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். சுமார் 3 லட்சம் ஹைபோதலாமஸிலிருந்து கிடைத்தது ஒரு மில்லிகிராம்! 1969-ல் பார்த்தால், தைராய்டைத் தூண்டும் அந்தச் செய்தி வெறும் மூன்று அமினோ அமிலம். 1971-ல் இனப்பெருக்கத்துக்கானது, பத்து அமினோ அமிலம். 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறையைத் தந்த ரோசலின் யாலோவுக்கும். ஹாரிஸ் 1971-லேயே காலமாகிவிட்டார். எனக்கு இதில் மனக்குறை உண்டு.

மருத்துவத்தைத் திருப்பிப் போட்டது இதற்கு அடுத்த படி. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில், ஹைபோதலாமஸ் பழுதான குரங்குகளுக்கு அந்தப் பத்து அமில ஹார்மோனை விடாமல் ஏற்றினார். பிட்யூட்டரி சோர்ந்துபோனது. மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது விழித்துக்கொண்டது. மேலிடத்து போன் எப்போதாவது வந்தால் கோப்பு நகரும். ஓயாமல் அடித்தால் செக்‌ஷன் ஆபீசர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். உங்களில் பலருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மருந்து ஒன்று, பலன் இரண்டு. இந்த ஹார்மோன் சுரக்காமல் பருவமடையாதவர்களுக்குச் சிறு பம்ப் வழியே சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தரம் கொடுத்தால், குழந்தைப்பேறுகூடச் சாத்தியம். அதே ஹார்மோனைச் சற்று மாற்றி, மாதக்கணக்கில் நீடிக்கும் ஊசியாகப் போட்டால் பிட்யூட்டரி சோர்ந்து, பால் ஹார்மோன்கள் எல்லாம் அடங்கும். எட்டு வயதுக்கு முன்பே உடல் பருவமடையத் தொடங்கும் பெண் குழந்தைகளுக்கும், ஆண் ஹார்மோனால் வளரும் புராஸ்டேட் புற்றுநோய் பரவிய பெரியவர்களுக்கும் ஒரே வகை ஊசி போடுவது இதனால்தான். எழுபதைத் தாண்டிய அப்பாவுக்குப் போட்ட ஊசியைப் பேத்திக்கும் எழுதியிருக்கிறார்களே என்று கலங்குபவர்களுக்கு இதுவே பதில்.

வீட்டில் யாருக்காவது புராஸ்டேட்டுக்கு இந்த ஊசி போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஓரிரு வாரம் ஆண் ஹார்மோன் குறையாது, கூடும், பிறகுதான் இறங்கும். அதனால்தான் கூடவே சில நாள் ஒரு மாத்திரையும் எழுதுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று அதை நிறுத்திவிடாதீர்கள். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த நாட்களில் முதுகு வலி கூடினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.